தடி ஆளுக்கா, ஆள் தடிக்கா?



நுவரெலியா சுற்றுலா போன நம்மில் எவரும் நகரின் நடுவே விரிந்து கிடக்கும் கொல்ப் புற்றரையைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டோம். அங்கே பை நிறையத் தடிகளைக் கண்ட மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "சேர், ஒரு பந்துக்கு ஏன் இவ்வளவு தடி?" வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தோம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருப்பது தெரிந்தது.

கொல்ப் வளர்ந்தது ஸ்கொட்லாந்தில். ஆரம்பத்தில் தடியின் தண்டை அந்நாட்டில் கிடைத்த மரங்களில் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி என்ற மரம் வந்தது. வளைந்தாலும் இலேசில் முறியாத மரம். சென்ட் அன்ட்ரூஸ் போன்ற ஊர்களின் பட்டறைகளில் தச்சர்கள் அதைக் கையால் இழைத்துத் தண்டாக்கினார்கள்.

மரம் மரம்தானே! ஒரே அளவில் இழைத்தாலும் ஒன்று விறைப்பாக இருக்கும், மற்றது துவளும். அதனால் வாங்க வருபவர் தடியை அசைத்துப் பார்த்து, தன் கைக்கு ஒத்து வருவதையே எடுப்பார். விறைப்பாக இருந்தால் தச்சர் இன்னும் கொஞ்சம் இழைத்துக் கொடுப்பார். ஆளைப் பார்த்துத் தடி கொடுத்த காலம் அது.

ஹிக்கரிக்கு ஒரு குறையும் உண்டு. வேகமாக வீசினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், பந்து திசை மாறிவிடும். எனவே அவசரமில்லாத, தாளம் தவறாத வீச்சு வேண்டும். அதில் மன்னன் அமெரிக்கரான பொபி ஜோன்ஸ். 1930இல் ஒரே வருடத்தில் அன்றைய நான்கு பெரும் போட்டிகளையும் ஹிக்கரித் தடிகளால் வென்றார்.

ஆனால் உருக்கு ஏற்கெனவே வாசலில் நின்றது. 1910இலேயே ஆர்தர் நைட் என்ற அமெரிக்கர் உருக்குத் தண்டுக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். விளையாட்டின் சட்டம் அதை ஏற்கவில்லை. நல்ல ஹிக்கரி மரம் குறையத் தொடங்கியதும் அமெரிக்கா 1924இல் அனுமதித்தது. பிரித்தானியா 1929 வரை பிடிவாதமாக நின்றது. வேல்ஸ் இளவரசர் உருக்குத் தடியோடு ஆட வந்ததால்தான் அவர்கள் இறங்கி வந்தார்கள் என்றொரு கதையும் உண்டு. 1931இல் பில்லி பர்க் உருக்குத் தடியால் அமெரிக்க ஓபன் கிண்ணத்தை வென்றார். கையால் தண்டு இழைத்த தொழில் அதன் பிறகு மெல்ல ஒடுங்கியது.

மாணவனின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹிக்கரிக்காரர் ஒரே தடியால் முழு வீச்சு, அரை வீச்சு என்று பல தூரங்களுக்கு அடிப்பார். உருக்குத் தண்டுகள் தொழிற்சாலையில் ஒரே சீராக வந்ததும், ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு தடி என்றானது. 25, 30 தடிகள் வரை கொண்டுபோனார்கள். சுமந்தவர்களின் தோள்களை நினைத்துப் பாருங்கள்! கடைசியில் 1938இல் அமெரிக்காவும் மறுவருடம் பிரித்தானியாவும் 14 தடிகள்தான் என்று வரம்பு போட்டன.

1970களில் உருக்கை விட இலேசான கிரபைட் தண்டு வந்தது. இன்று தண்டில் எழுத்து அச்சிட்டு விற்கிறார்கள். மெதுவாக வீசுபவருக்கு 'ஏ', நடுத்தர வேகத்துக்கு 'ஆர்', வேகமாக வீசுபவருக்கு விறைப்பான 'எஸ்', அதற்கும் மேலே 'எக்ஸ்'. ஆனால் இந்த எழுத்துக்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பனியின் 'ஆர்' இன்னொரு கம்பனியின் 'எஸ்' ஆக இருக்கலாம். இருந்தும் பலர் கௌரவத்துக்காக 'எஸ்' வாங்குகிறார்கள். வலக்கைக்காரர் மெதுவாக வீசி விறைப்பான தண்டைப் பாவித்தால் பந்து பெரும்பாலும் தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போகும். வேகமாக வீசுபவரிடம் துவளும் தண்டு இருந்தால் இடப்பக்கம் இழுக்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஆளை வீசச் சொல்லி, வேகத்தை அளந்து, பிறகே தண்டைத் தெரிகிறார்கள். அந்தப் பழைய தச்சர் கண்ணால் பார்த்துச் செய்ததைத்தான் இப்போது இயந்திரம் வைத்துச் செய்கிறார்கள்.

நம் ஊரில் கொல்ப் ஆடுபவர்கள் இல்லை என்று கடந்துவிட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு வாப்பாவின் கனமான கிரிக்கெட் துடுப்பைக் கொடுத்துவிட்டு, "இவனுக்கு அடிக்கத் தெரியாது" என்று சொல்பவர்கள் நாம்தான். சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று அதே 'எஸ்' எழுத்தைப் பார்த்துப் பிள்ளையின் முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பெழுதுபவர்களும் நாம்தான். ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே தடியைக் கொடுத்து வீசச் சொல்லிவிட்டு, பந்து போகாத பிள்ளையைக் குறை சொல்லியிருக்கிறோம்.

அடுத்த தவணையில் அந்த மாணவனைக் கூப்பிட்டு, இன்ஷா அல்லாஹ், சரியான பதிலைச் சொல்ல வேண்டும். நல்ல கேள்வி கேட்டதற்கு நன்றியும் சொல்ல வேண்டும்.