தோட்டப் பள்ளியில் விளையாட்டும் கணிதமும்

கோல சிலாங்கூரிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் சாலை, தஞ்சோங் காராங், செகிஞ்சான் ஆகிய ஊர்களின் நெல்வயல்களைக் கடந்து, சபாக் பெர்ணம் மாவட்டத்துச் சுங்கை பஞ்சாங் வட்டாரத்தை எட்டுகிறது. ஜாவானியரும் பஞ்சார் மக்களும் நெல்லும் தென்னையும் பயிரிட்ட இந்நிலப்பரப்பை அடுத்துப் பரவியிருந்த ரப்பர், தென்னை, செம்பனைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் பிறந்து வளர்ந்தனர். மின்விளையாட்டுகளைக் கொண்டு அரசாங்கப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் பயிற்றலாம் என்னும் யோசனை இன்று பெரும் புதுமையாகப் பேசப்படுகிறது. இத்தோட்டங்களின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கோ, பள்ளியின் வாசலுக்கு வெளியே நெடுங்காலம் நின்றிருந்த ஒரு பழைய வித்தைக்கு இப்போதுதான் உள்ளே வர அனுமதி கிடைத்திருக்கிறது என்றே தோன்றும்.

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ பள்ளியில் ஏற்பட்ட தமிழ் வகுப்பு என்பர். ஆயினும் தோட்டங்கள்தோறும் பள்ளிகள் எழக் காரணமாயிருந்தது தொழிலாளர் சட்டமேயாகும். ஏழு முதல் பதினான்கு வயதுவரையிலான பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. அதன் நோக்கம் நிறைவேறியதென்று சொல்வதற்கில்லை. பல தோட்டங்களில் பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் எண்ணிய கங்காணியோ, கணக்கெழுதிய கிராணியோதான் பிற்பகலில் உபாத்தியாயர். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும் ஒருங்கே அமர்ந்திருக்க, வாய்பாட்டை உரக்கச் சொல்லி மனனம் செய்வதே கணிதப் பாடம். செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் தன் பெயரைத் தானே படித்துக்கொள்ளுமளவு பிள்ளை கற்றுவிட்டால், துரையின் பார்வையில் கல்வி முற்றுப்பெற்றதாகவே கருதப்பட்டது.

பள்ளி விட்டபின் லயத்து வாசல்களில் நடந்த கல்வியோ வேறு விதமானது. தமிழ்ப் பெண்டிர் ஆடிய பல்லாங்குழியும் அண்டைக் கம்பத்து மலாய்க்காரர் ஆடிய சொங்காக்கும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். ஏழு ஏழாகப் பதினான்கு குழிகள். சொங்காக்கில் அவற்றோடு காய் சேர்க்க ஆளுக்கொரு வீடு. குழிக்கு ஏழு காய் வீதம் 98 காய்கள் என்றால், 50 காய் சேர்த்தவருக்கு வெற்றி உறுதி. எதிராளியின் வீட்டைத் தவிர்த்துத் தன் வீட்டிலும் ஒரு காய் இட்டுச் செல்வதால், ஒரு சுற்றுக்குப் பதினைந்து காய் செல்லும். பதினைந்து காய் நிறைந்த குழியை எடுத்து இடுபவரின் கடைசிக் காய், எடுத்த குழியிலேயே வந்து விழும். வீடு இல்லாத பல்லாங்குழியிலோ அதற்குப் பதினான்கு காய் போதும். வகுத்து மீதி காணும் கணக்கை, அதன் பெயரையே கேள்விப்படாத சிறுமி விரல் நுனியில் வைத்திருந்தாள்.

ஆண்பிள்ளைகளுக்குப் பால்மரத்தடியில் வேண்டிய மட்டும் ரப்பர் கொட்டைகள் கிடைத்தன. இரண்டு கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கைகளுக்கிடையே வைத்து நெரித்து, எது முதலில் வெடிக்கிறதென்று பந்தயம் கட்டினார்கள். சிமெண்டுத் தரையில் கொட்டையைத் தேய்த்துச் சூடேற்றிக் கூட்டாளியின் தொடையில் வைத்து அலற வைத்தார்கள். அழுத்தமும் உராய்வும் பௌதிகப் பாடங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுடைய பெற்றோர் பால் ஊற்றிய கொட்டகையில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி பாலின் அடர்த்தியைக் கொண்டு அதிலுள்ள ரப்பரின் அளவைக் காட்டியதும், அந்த அளவின்படியே கூலி ஏறி இறங்கியதும், பள்ளியின் கரும்பலகைக்கு வந்து சேரவில்லை.

தமிழரின் பழைய கல்வி மரபில் விளையாட்டுக்கும் பாடத்துக்கும் இடையே இத்தகைய பிரிவினை அத்தனை கடுமையாக இருந்ததில்லை. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், பலாப்பழத்தைப் பிளவாமலே அதன் சுளைகளை மதிப்பிடும் யுக்தியைச் சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விடை எப்போதும் சரியாக வருமா என்பதல்ல இங்கே விசேஷம். பழத்தைப் பிளந்து எண்ணிச் சரிபார்க்கும் ஆவலைக் கணக்கே தூண்டிவிடுகிறதே, அதுதான். மேனாட்டிலும் ஃபுரோபெல் 1837-இல் ஜெர்மனியில் பாலர் பள்ளி தொடங்கி, மரக்கட்டைகளையும் பந்துகளையும் பாடச் சாதனங்களாக்கினார். மணிகளைக் கோத்துப் பத்துகளையும் நூறுகளையும் கைப்படக் காட்டிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அதே காலத்தில் சிலாங்கூர்த் தோட்டத்துப் பிள்ளைகள் வெறும் வாய்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கைக்குப் பின் தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்பின் அங்கமாயின. 1983-இல் நாடு முழுவதும் தொடங்கிய கேபிஎஸ்ஆர் பாடத்திட்டம் விளையாட்டு, பாட்டு ஆகியவற்றுக்கு வகுப்பறையில் இடமளித்தது. 2011-இல் வந்த கேஎஸ்எஸ்ஆர் 'டிடிக் ஹிபுர்' என்னும் மகிழ்கற்றலை அதிகாரபூர்வமான அணுகுமுறையாக ஏற்றது. இடையே, 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டாலும் கணினி பள்ளியில் நிலைத்துவிட்டது. 2017 முதல் கணிமைச் சிந்தனை பாடத்திட்டத்தில் சேர்ந்தது. இதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் பட்டணங்களை நாடிப் போய்விட்டதால், 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று சுமார் 525 ஆகச் சுருங்கியுள்ளன. எஞ்சிய பள்ளிகளின் பிள்ளைகள் 'அஸ்தி' என்னும் அமைப்பு நடத்தும் அறிவியல் விழாக்களுக்குத் தங்கள் ஆய்வுகளைக் கொண்டு செல்வதும், ரோபோட்டிக் போட்டிகளில் இறங்குவதும் பாராட்டத்தக்க மாறுதல்கள்.

மின்விளையாட்டு இவ்வரிசையில் கடைசியாக வந்தது. 2019-இல் பிலிப்பைன்ஸ் சீ போட்டியில் அதற்குப் பதக்கம் வழங்கப்பட்டது. மலேசிய இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சு 2020 முதல் 2025 வரைக்கான வளர்ச்சித் திட்டமொன்றை வகுத்தது. கைப்பேசியில் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடாத பையனைத் தோட்டத்திலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தகைய ஆட்டமொன்றில் ஒரு வீரனின் ஆற்றல் மறுபடி பயன்பட 10 வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அக்காத்திருப்பை 20 விழுக்காடு குறைக்கும் பொருளை வாங்கினால் 8 வினாடி ஆகும். அதுபோன்ற இன்னொன்றையும் வாங்கினால் 6 வினாடியா, 6.4 வினாடியா? இரண்டு விடைக்கும் நியாயம் உண்டு. ஆட்டத்தின் விதி எதுவென்று நேரம் குறித்துச் சோதித்தே தீர்மானிக்க முடியும். ஆசிரியர் இக்கேள்வியை எழுப்பிய மாத்திரத்தில் விழுக்காடும் பரிசோதனையும் வகுப்புக்குள் வந்துவிடுகின்றன. எழுப்பாவிட்டால் பையன் ஆயிரம் முறை ஆடி வென்றாலும் கணிதத்தில் ஓரடியும் நகரமாட்டான்.

தோட்டத்துச் சரித்திரம் நமக்குக் கற்பிப்பதும் இதுவே. பல்லாங்குழியில் தேர்ந்த சிறுமிகள் கணித வல்லுநர்களாக வளராமற்போனது ஆட்டத்தின் குறையன்று. அவர்கள் கையிலிருந்த கணக்கை எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லி, அடுத்த படிக்கு அழைத்துச் செல்ல ஒரு வாத்தியார் வாய்க்காததே குறை. ஆகையால் சுங்கை பஞ்சாங் போன்ற வட்டாரங்களின் சிறு பள்ளிகளுக்கு இன்று புதுக் கருவிகளை அனுப்புவோர், அவற்றுக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு பகுதியையேனும் அக்கருவிகளைக் கொண்டு கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்கச் செலவிட வேண்டும். கங்காணியை உபாத்தியாயராக்கிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாக எண்ணிய பழைய நிர்வாகத்தின் பிழையை, கணினியை ஆசிரியராக்கி நாம் மறுபடியும் செய்தல் தகாது.