கட்டைவிரல் படுத்தின பாடு

போன வாரம் ராத்திரி ரெண்டு மணி. ஒரு பழைய கருவியோட பைனரியை ஆப்ஜ்டம்ப்பில் பிரிச்சுப் பார்த்துட்டிருந்தேன். மூலநிரல் தொலைஞ்சாச்சு, கையில இருக்கறது இது ஒண்ணுதான். முதல் சில வரி ஒழுங்கா வந்துச்சு. ஒரு 'பிஎக்ஸ்' கட்டளைக்கப்புறம் பூராவும் குப்பை. கோப்பே கெட்டுப்போச்சோன்னு வயித்தைக் கலக்கிருச்சு.

வினையோட வேர் 1994-ல இருக்கு மக்களே. அப்போ வந்த ஆர்ம்7டிடிஎம்ஐ ப்ராசஸர் பேர்ல முதல்ல வர்ற 'டி'தான் தம்ப், அதாவது கட்டைவிரல். அதுவரை ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் 32 பிட். செல்போன்ல அவ்வளவு மெமரிக்கு எங்கே போறது? அதிகம் பயன்படுற கட்டளைகளை 16 பிட்டில் அடைச்சாங்க. நிரல் சுமார் 30 சதவீதம் இளைச்சது. நோக்கியா 6110 ஓடினது இந்த வகை சிப்பில்தான்.

ஆனா ஒரே பைட்டை இப்போ ரெண்டு விதமா வாசிக்கலாம்! எந்த விதம்னு ப்ராசஸருக்குள்ள இருக்கற ஒரு பிட்டுக்குத்தான் தெரியும். 'பிஎக்ஸ்' அதைத்தான் மாத்தும். ஜிசிசி-க்கு '-எம்தம்ப்' கொடுத்துத் தொகுத்தா, எல்ஃப் கோப்புல இது ஆர்ம், இது தம்ப்னு அடையாளம் விழும். வெறும் பைனரியாக்கும்போது அதெல்லாம் போயிடும். ஆப்ஜ்டம்ப் பாவம், எல்லாத்தையும் ஆர்ம்னே வாசிக்கும்.

அந்த 'பிஎக்ஸ்' தாவுற முகவரியில ஆரம்பிச்சு '-எம் ஃபோர்ஸ்-தம்ப்'னு கொடுத்தேன் (பெரிய எம்! சின்ன எம்முக்கு வேற வேலை). முதல் வரியே 'புஷ்'. அடுத்து 'மூவ்'. அப்பாடா!