அங்கொடைக்குச் சென்ற வழியும் திரும்பிய வழியும்

"உன்னை அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வழக்கிலிருந்தது. வகுப்பறைகளில் அதைக் கேட்டு நான் கண்டித்துமிருக்கிறேன். அவ்வூரைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகளின் நாவில் அதன் பெயர் ஏறியதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1873 ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் சித்தசுவாதீனமற்றவரா என விசாரித்துத் தீர்மானிக்கும் பொறுப்பை மாவட்ட நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. நோயாளியைப் பற்றிய முதற் பேச்சு வைத்தியனிடமன்றி நீதிபதியிடம் நிகழ்ந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தீர்ப்பானவர் தென்றிசை செல்ல வேண்டும். அரசாங்கம் இந்நோய்க்கெனக் கட்டிய பெரிய வைத்தியசாலைகள் யாவும் கொழும்பை அண்டியே இருந்தன. 1905 இல் புகையிரதம் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. 1920களில் அங்கொடை வைத்தியசாலை எழுந்தது. ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் பயணம் அதனால் எளிதாயிற்று. திரும்பி வருவது எளிதாயிற்றா என்பது வேறு விடயம்.

அரசாங்கப் பணம் கட்டிலுக்கும் சோற்றுக்கும் மருந்துக்கும் சென்றது. குணமாகி வீடு திரும்பியவரைத் தொடர்ந்து கவனிப்பதற்கு அதில் இடமிருந்ததாகத் தெரியவில்லை. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி தெற்கிலுள்ள ஒரு வைத்தியசாலையிலிருந்து தெளிந்த முகத்தோடு வந்திறங்கினார். கையில் ஒரு துண்டும் சில குளிசைகளும் இருந்தன. குளிசை முடிந்தபின் எங்கே போவதென்று யாரும் சொல்லவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. அதன்பின் நூல் கட்டினர், பார்வை பார்த்தனர், நேர்த்தி வைத்தனர். அவர்களை அறியாதவர்கள் என்று இகழ எனக்கு மனமில்லை. அருகே வேறு வாசல் எதுவும் திறந்திருக்கவில்லையே!

1930களின் பிற்பகுதியிலேயே இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வர்ட் மாப்போதர் இங்கு வந்து, அங்கொடையின் இடநெருக்கடியைக் கண்டு அறிக்கை எழுதினார். ஆயினும் நோயாளியின் ஊருக்கே சிகிச்சை செல்ல வேண்டும் என்னும் கொள்கை கைகூடப் பல்லாண்டுகள் சென்றன.

யாழ்ப்பாணத்தில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது, துன்பம் என்றே சொல்ல வேண்டும். 1990 இல் புகையிரதம் நின்றது; தென்னிலங்கைப் பாதை அரிதாயிற்று. குடாநாட்டின் நோயாளியைக் குடாநாடே பார்க்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் நின்றோரும் ஆசிரியர்களுக்கும் ஊர்மட்டத் தொண்டர்களுக்கும் மனநோயின் அறிகுறிகளைக் கற்பித்தனர். தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநோய்ப் பிரிவு உள்ளூர்ப் புகலிடமாயிற்று. தாயோ சகோதரனோ நோயாளியின் கட்டிலருகே இருப்பது இங்கு இயல்பு. நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் அது எத்தனை குடும்பத்துக்கு இயன்றிருக்கும்?

2005 இன் தேசிய மனநலக் கொள்கை, மாவட்டந்தோறும் தீவிர நோய்க்கான உள்ளகப் பிரிவொன்று வேண்டும் என்றது. ஆனால் பணம் வரும் வழி இரண்டு. 1987 இன் மாகாண சபை ஏற்பாட்டின்படி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும், தெல்லிப்பழை மாகாணத்தின் கீழும் அமைந்தன. நோயாளியோ ஒருவர்தாம். யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட துண்டைத் தெல்லிப்பழையில் காட்டவும், மாதாந்த ஊசிக்கு வராதவரைத் தேடி வீட்டுக்குச் செல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும், போய்வர மோட்டார்ச் சைக்கிளும், எண்ணெய்க் காசும் வேண்டும். எங்கள் ஒழுங்கை மாமிக்கு இல்லாமற்போனது அந்த ஆள்தான்.