கையேட்டில் விளக்கப்படாத சொல்

தமிழ் படித்தவனுக்கு விமானத்தில் என்ன வேலை? ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதுதானே நம்ம வேலை. போயிங் 737 மேக்ஸின் விமானிக் கையேட்டில் அப்போது எம்காஸ் பற்றி விளக்கமே இருக்கவில்லை. ஒற்றை உணரியை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிய மென்பொருள் அது. 2018 அக்டோபர் 29, ஜாவா கடல்: 189 சாவுகள். டிசம்பரில் அமெரிக்க விமான நிர்வாகமே கணக்குப் போட்டது: திருத்தாவிட்டால் இந்த ரகத்தின் ஆயுளுக்குள் இன்னும் சுமார் 15 விபத்துகள். ஆனாலும் பறக்க விட்டார்கள். 2019 மார்ச் 10, எத்தியோப்பியா: 157. மறுநாளே சீனா நிறுத்தியது; அமெரிக்கா 13ஆம் தேதிதான்.

'மென்பொருள் பிழை' என்றுவிட்டால் குற்றவாளி யாருமில்லை. அதுவோ எழுதிவைத்தபடிதான் செய்தது. பறக்கத் தகுதி என்பது இயந்திரத்தின் குணமல்ல, மனுசங்க போடுகிற கையெழுத்து. சான்றளிக்கும் வேலையில் பெரும்பங்கு போயிங்கிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. வாசிக்கவேண்டிய பிரதி அந்தக் கையெழுத்துதான்.