ஒரே வேதம், இரண்டு தமிழ்

எங்கள் கண்டாவளையில் அயலட்டைச் சைவர்களுக்கு நாங்கள் எல்லோரும் 'வேதக்காரர்' தான். கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்ற பேதம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் எங்களுக்குள் விளங்கிவிடும். கத்தோலிக்கரான என் அம்மம்மா 'சேசு' என்பா. அமெரிக்க மிஷன் வழிவந்த மாமி 'இயேசு' என்பா. அம்மம்மாவின் இராயப்பர் மாமிக்குப் பேதுரு, சின்னப்பர் பவுல். ஒருவர் சர்வேசுரனை மன்றாடினார். மற்றவர் தேவனிடம் ஜெபித்தார். செத்தவீடு ஒன்று வந்தால், எந்தத் தமிழில் வேதம் வாசிப்பது என்பதே ஒரு வழக்கு.

வழக்கு பழையது. 1714இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சேறத் தொடங்கியது. அந்த லுத்தரன் சபையாரைக் கண்டித்து வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்' எழுதினார். 'தேம்பாவணி' பாடிய அதே கைதான். நம் இலக்கிய மாணவர் இந்தப் பக்கத்தை அதிகம் புரட்டுவதில்லை. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சைவரோடு கூடியிருந்து வேதத்தைத் தமிழாக்க முடிந்தது, கத்தோலிக்கரோடு முடியவில்லை!

கத்தோலிக்கரும் கதவைச் சாத்தியே வைத்திருந்தனர். ஏனைய சபைகளின் ஒன்றிப்புக் கூட்டங்களில் தம்மவர் சேர்வதை 1928இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தடுத்தார். அதே திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964 நவம்பர் 21ஆந் திகதி வெளியிட்ட ஏட்டிலே பிரிவினைக்கு இரு பக்கத்தவரிலும் குற்றம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. என் கணிப்பில் அந்த ஏட்டின் உயிர் அந்த ஒப்புதலில்தான் இருக்கிறது. 1968இல் வத்திக்கானின் ஒன்றிப்புச் செயலகமும் உலக வேதாகமச் சங்கங்களும் கூட்டு மொழிபெயர்ப்புக்கு நெறிமுறை வகுத்தன.

அதன் தமிழ்க் கனி 1995இல் தமிழகத்திலிருந்து வந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு. சர்வேசுரனும் தேவனும் விலகிக் 'கடவுள்' வந்தார். கத்தோலிக்கர் வேதமாக ஏற்று, புரட்டஸ்தாந்தர் ஏற்காத நூல்கள் 'இணைத் திருமுறை' என்ற பெயரில் தனியிடம் பெற்றன. பெயர்களில் விட்டுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கரே: இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார். இராயப்பர் என்ற சொல்லின் இனிமை போனதில் எனக்கு வருத்தந்தான். ஆனால் இழக்க ஆயத்தமில்லாதவர் ஒன்றிப்பைப் பற்றிப் பேசுவது வெறும் உபசார வார்த்தை.

விந்தை என்னவென்றால், பொதுவென்று வந்த நூல் இன்று பெரும்பாலும் கத்தோலிக்க ஆலயங்களிலேயே வாசிக்கப்படுகிறது. புரட்டஸ்தாந்தரிற் பலருக்கு 19ஆம் நூற்றாண்டின் பழைய மொழிபெயர்ப்பே மனப்பாடம். அதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே நற்கருணைப் பந்தியில் இரு சபையாரும் அமர்வதும் இன்னும் கூடிவரவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். அந்த நாட்களில் சுவாமியும் ஐயரும் ஒரே மேடையில் நின்று செபிப்பார்கள். அடுத்த ஞாயிறு ஐயர் தம் பழைய புத்தகத்தைத்தான் திறப்பார்.