விசில் இல்லாத ஃப்ரீகிக்: 2023 கண்டீரவா கோலை மீண்டும் வாசித்தல்

2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பிளே-ஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பெங்களூரு எஃப்.சி.யின் சுனில் சேத்ரி விசிலுக்குக் காத்திராமல் ஃப்ரீகிக்கில் அடித்த கோலை, அதன்பின் வந்த தண்டனையை வைத்தே பலரும் எடைபோட்டிருக்கிறார்கள். கோலை எதிர்த்துக் களத்தைவிட்டு வெளியேறிய கேரளா பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை; ஆகவே கோல் முறையானதே என்பது அவர்கள் வாதம். இந்த வாசிப்பு ஏற்கத்தக்கதல்ல. தண்டனை வெளிநடப்புக்கு விதிக்கப்பட்டது. அது கோலுக்கு நற்சான்று ஆகாது. கோல் முறையானதே என்பதுதான் என் முடிவும்; ஆனால் அதற்கான காரணம் வேறு.

ஆஃப்சைடு இங்கே பிரச்சினையில்லை. ஃப்ரீகிக்கிலும் அந்த விதி உண்டு. த்ரோ-இன், கார்னர், கோல்கிக் ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு. சேத்ரியோ யாருக்கும் பாஸ் தராமல் நேரே வலைக்குள் அடித்தார்.

முதன்மைச் சான்று, ஆட்டம் முடிந்ததும் சேத்ரி சொன்னதுதான். தடுப்புச் சுவரும் விசிலும் வேண்டாம் என நடுவர் கிரிஸ்டல் ஜானிடம் சொன்னேன். நிச்சயமாகவா என்று அவர் கேட்டார். கேரள வீரர் அட்ரியன் லூனா அதைக் கேட்டதால்தான் என் முதல் முயற்சியை மறித்தார் என்பது அவர் கூற்றின் சாரம். பயனடைந்தவரின் வாக்குமூலம் என்பதால் எச்சரிக்கை தேவை. எனினும் மூன்றாவது கூற்று உண்மையானால், எந்நேரமும் பந்து அடிக்கப்படலாம் என்பது எதிரணியில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது.

கேரளத் தரப்பின் வலுவான வாதம் இது: நடுவர் எதிரணி வீரரைப் பின்னுக்குப் போகச் சொன்னபின் விசில் கட்டாயம். 9.15 மீட்டர் இடைவெளியை நடுவர் உறுதிசெய்யும் ஃப்ரீகிக்கில் அது கட்டாயம்தான். ஆனால் இடைவெளியை அளந்து சுவரை நிறுத்துவது ஒன்று, பந்தை மறித்து நிற்பவரை விலக்குவது வேறொன்று. விரைவு ஃப்ரீகிக்கை வேண்டுமென்றே தடுப்பவருக்கு 13ஆம் விதி மஞ்சள் அட்டையே காட்டச் சொல்கிறது. ஆகவே நடுவர் லூனாவை விலக்கியது சேத்ரியின் உரிமையைக் காக்கும் செயலாகவே எனக்குப் படுகிறது. கோல்கீப்பர் சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார் என்ற ஆட்சேபத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. பந்திலிருந்து கண்ணை எடுத்தது அவர் பாடு.

குழப்பத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஃபவுல் செய்த அணி அதனால் ஆதாயம் அடையக் கூடாது என்ற அட்வான்டேஜ் நெறியின் நீட்சியே விரைவு ஃப்ரீகிக். அட்வான்டேஜுக்கு நடுவர் கைகளை முன்னே நீட்டிக் காட்டுகிறார். ஆஃப்சைடுக்குக் கொடி உயர்கிறது. விரைவு ஃப்ரீகிக்குக்கோ எந்தச் சைகையும் இல்லை. 2019இல் விதி மேலும் தளர்ந்தது: தெளிவான கோல் வாய்ப்பு இருந்து, நடுவர் அட்டை நடவடிக்கையைத் தொடங்காமலும் இருந்தால், அட்டைக்கு முன்பே பந்தை அடிக்கலாம்.

அப்படியானால் புதிதாக ஒரு சைகை சேர்த்துவிடலாமே என்பார்கள். சைகை காட்டிய கணமே தடுப்பாளர்கள் விழித்துக்கொள்வார்கள். விரைவாக அடிப்பதால் கிடைக்கும் பயன் போய்விடும். சைகை கேட்போர் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.