மருந்து உள்ளே போகும் வழி

நம் காவேரிப்பாக்கம் பக்கம் மாட்டுக்கு மருந்து என்றால் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மூங்கில் குழாய்தான். ஒரு முனையில் கணு, மறுமுனை சாய்வாக வெட்டி வழவழப்பாக்கியது. ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் கடைவாயில் செருகிக் கஷாயம் புகட்டுவார். அவசரக்காரர்கள் தலையை அண்ணாத்தி, நாக்கையும் வெளியே இழுத்துப் பிடித்து ஊற்றுவார்கள். அப்போது மாட்டால் விழுங்க முடியாது. மருந்து நுரையீரலுக்கு இறங்கும். கழிச்சலுக்குக் கொடுத்த கஷாயமே எமனாகும். பழியோ கழிச்சலின் மேல் விழும்!

வெக்கை நோய்க்கு எந்தக் கஷாயமும் எடுபடவில்லை. அதற்கு ஊசிதான் வரவேண்டியிருந்தது. தோலுக்கடியில் மருந்து செலுத்தும் ஊசிக்குழலை 1853-இல் பிரான்சில் செய்தவர்களில் ஒருவர் பிராவாஸ். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாஸ்தர் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியாது. ஆனால் 1881-இல் பூயி-லெ-ஃபோர் என்ற கிராமத்தில், ஊரார் கண்முன்னே ஆடுமாடுகளுக்கு அடைப்பான் தடுப்பு மருந்தைப் பாஸ்தர் போட்டது இவர் பெயர் கொண்ட ஊசிக்குழலால்தான். ஆட்டுக்கு ஐந்து சொட்டு. ஊசி இல்லையேல் அந்தப் பெயரும் இல்லை என்பது என் கட்சி.

வெக்கைக் கிருமியை ஆட்டில் பழக்கி வீரியம் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கியவர் எட்வர்ட்ஸ், இடம் இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேஸ்வர், காலம் 1920-கள். நமக்குப் பக்கத்திலேயே, வாலாஜாவைத் தாண்டினால் வரும் ராணிப்பேட்டையில், 1932-இல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் வந்தது. 1954-இல் நாடு முழுக்க வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஐஸ் போட்ட பெட்டியில் மருந்தோடு ஊர் ஊராகப் போனவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. 2011-இல் உலகத்திலேயே வெக்கை இல்லை என்று அறிவித்தார்கள்.

மாட்டை விடக் கோழிதான் பெரிய தலைவலி. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வதற்கு இங்கிலீஷ்காரர் வைத்த ஒரு பெயர் ராணிக்கேட் நோய். குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் 1927-இல் கண்டதால் அந்தப் பெயர். நம் ராணிப்பேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருந்து செய்கிற ஊர் பெயரும் நோயின் பெயரும் இப்படி ஒலித்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு. எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. பண்ணைக்கு இது சரி. ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் மேல் மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தெருவில் வீட்டுக்கு நாலு கோழி, அதுவும் பகலெல்லாம் குப்பைமேட்டில்! ராத்திரி மரத்தில் ஏறியதைப் பிடிப்பது யார்? முட்டைக் காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்கும் பெண்களின் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தது மருந்து இல்லாமல் அல்ல, அது உள்ளே போக வழியில்லாமல்.

இதற்கு விடை தீவனத்திலேயே கலப்பது. 1980-களில் மலேசியாவில் தீவனத்தில் பூசிக் கொடுத்துப் பார்த்தார்கள். சில பச்சைத் தானியங்கள் மருந்திலுள்ள கிருமியையே செயலிழக்கச் செய்தன. வேகவைத்த அரிசி அவ்வளவு கெடுக்கவில்லை. எதில் கலக்கிறோம் என்பதற்கே இத்தனை ஆராய்ச்சி. பிறகு நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வெள்ளைக்கழிச்சலுக்குக் குருணை வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்தை உருவாக்கியது. கோழியைத் துரத்த வேண்டாம். கொத்தித் தின்றுவிட்டுப் போகும்.

மாட்டுக்கும் இப்போது குழாய் வேண்டாம் என்கிறார்கள். தோல் கழலை வந்தபோது இதே பல்கலைக்கழகம் வழியாகப் பரவிய கைமருந்தில் பத்து வெற்றிலை, பத்து கிராம் மிளகு, பத்து கிராம் உப்பு. அரைத்து வெல்லம் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவ வேண்டும். தலையைத் தூக்க வேண்டியதில்லை. வெல்லத்துக்காக மாடே நாக்கை நீட்டுகிறது.